மழைக்கு முன் கராஜைக் கட்டம் கட்டமாக ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி: கொக்குவில் வளவு

அனைவருக்கும் வணக்கம். மாமனார் 1960களில் தமது ஒஸ்ரின் காருக்காகக் கட்டிய கராஜ் ஒன்று எங்கள் வளவில் இருக்கிறது. பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட அதன் வாசல் தெற்குப் பார்த்தது. சுவர்கள் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டவை. கூரை பனஞ்சிலாகையின் மேல் போட்ட அஸ்பெஸ்ரஸ் சீற். காரை விற்ற பின்னர், வீட்டில் இடமில்லாத ஒவ்வொரு பொருளும் அங்கே போய்ச் சேர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய நீர் இறைக்கும் இயந்திரம், துருப்பிடித்த சைக்கிள்கள், கலியாண வீடுகளுக்குக் கொடுத்து வாங்கிய கிடாரங்கள், உரல், கழற்றிய யன்னல் சட்டங்கள், பழைய ஓடுகள், ரயர்கள், பெயின்ற் ரின்கள், வெங்காயத் தோட்டத்துக்கு அடித்த மருந்துப் போத்தல்கள் என்று பட்டியல் நீளும். இவற்றுக்குப் பின்னால், யூரியா பைகளில் கட்டிய மூட்டைகளும், மனைவியின் சகோதரர்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனபோது விட்டுச் சென்ற பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

அண்மையில் ஒரு வகன் ஆர் கார் வாங்கினோம். அது வெயிலில் நிற்கிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அதை உள்ளே விட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முற்றத்தில் இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப ஏற்றினால் போதும் என்று மகன் சொல்கிறான். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. மனைவிக்கு முழங்கால் வருத்தம், மகனுக்கு ரியூசன், எனக்கு வார இறுதி மட்டுமே ஓய்வு. எந்த ஒழுங்கில் தொடங்குவது, அலுமாரிகளை முதலில் வாங்குவதா பின்னர் வாங்குவதா, வெளிநாட்டில் இருப்பவர்களின் பொருட்களை என்ன செய்வது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: சங்கக்கடைக் களஞ்சியம்

ஐயா, கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். மகனுடைய யோசனை இளைஞர்கள் பலர் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. முற்றத்தில் இறக்கிய பொருட்களின் மேல் சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும். நான்கு மணிக்கு மேல் எல்லோரும் களைத்துவிட, எதையும் தெரிவு செய்யாமல் அள்ளி உள்ளே போடவே கை போகும். எந்த நாள் வேலை செய்தாலும் அன்று பொழுது படுவதற்குள் கராஜின் கதவு பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த அளவுக்கு மேற்பட்ட வேலையை அன்றைக்கு எடுக்கக் கூடாது.

ஒரு பொருளையும் தொடுவதற்கு முன், அளவு நாடாவையும் சோக்கட்டியையும் எடுங்கள். வகன் ஆர் போன்ற, கெய் எனப்படும் ஜப்பானியச் சிறு கார் வகை வாகனங்களின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டுவதில்லை. உங்கள் கராஜ் ஏறத்தாழ 6.1 மீற்றர் நீளமும் 3.05 மீற்றர் அகலமும் உடையது என்பதால், நீளத்தில் ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவாகவும், அகலத்தில் ஐந்து அடியளவும் மிஞ்சும். காரை நேரே உள்ளே விட்டால் சாரதியின் கதவு கிழக்குப் பக்கமாகத் திறக்கும். அந்தப் பக்கத்துக்கு மூன்று அடி விட்டுவிடுங்கள். மேற்குப் பக்கத்தில் எஞ்சும் இரண்டு அடியில், ஒன்றரை அடி ஆழமான தட்டு ஒன்றை வைத்து, காருக்கும் தட்டுக்கும் இடையில் அரை அடி விடலாம். காரின் முன்னால், நடமாடும் இடம் போக, ஆறு அடி வரை பொருட்களுக்குக் கிடைக்கும். நிலம் தெரிகிற இடத்தில் சோக்கட்டியாலும், தெரியாத இடத்தில் சுவரிலும் இந்த எல்லைகளைக் குறித்துவிட்டால், எவ்வளவு வைத்திருக்கலாம் என்ற விவாதத்தை வீட்டில் எவருடனும் நடத்த வேண்டியதில்லை. சுவரே பதில் சொல்லும்.

அதன்பின் வாசலில் இருந்து ஆறு அடியை மட்டும் வெறுமையாக்குங்கள். இந்தக் கட்டத்தில், யோசிக்கத் தேவையில்லாதவை மட்டுமே வெளியேற வேண்டும்: ஓட்டை வாளி, உக்கிய சாக்கு, காய்ந்து இறுகிய பெயின்ற் ரின், முறிந்த பிளாஸ்ரிக் கதிரை. ஒரு பொருளைப் பார்த்து மனம் தயங்கினால் அதை அப்படியே உள்ளே தள்ளி வையுங்கள்; தயக்கத்துக்கு உரிய நாள் பின்னால் வரும். வெறுமையான அந்த ஆறு அடிதான் இனி உங்கள் வேலைத்தளம். முற்றத்துக்குப் போகாமல், நிழலில் இருந்துகொண்டே தரம் பிரிக்கலாம்.

மூன்றாவது கட்டத்தில் ஒரே இனத்தை ஒரே இடத்தில் சேருங்கள். அலவாங்கு எல்லாம் ஒரு மூலையில், மண்வெட்டி எல்லாம் இன்னொரு மூலையில், ஆணிகளும் திருகாணிகளும் ஒரு ரின்னுக்குள் என்று சேர்த்த பின்னரே, எவ்வளவு மிதமிஞ்சி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எதை விடுவது என்ற தீர்மானம் அப்போதுதான் இலகுவாகும்; ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தீர்மானிக்கப் போனால் எல்லாமே தேவையானதாகத் தோன்றும்.

பழைய இரும்பு வியாபாரியை அழைப்பது இதற்குப் பின்னர்தான். இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை ஆகியவற்றை முன்கூட்டியே வேறு வேறாகக் கட்டி, உங்கள் தராசிலும் நிறுத்து வையுங்கள். பித்தளையை இரும்போடு சேர்த்து நிறுக்க விடுகிறவர் வியாபாரிக்குத் தானம் செய்கிறார். இறைக்கும் இயந்திரத்தை இரும்பு விலைக்குக் கொடுப்பதற்கு முன், இயந்திரம் திருத்துபவர் ஒருவரிடம் காட்டுங்கள். அதன் உதிரிப்பாகங்களைத் தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள். ஒஸ்ரினின் பதிவுப் புத்தகமோ இலக்கத் தகடோ அகப்பட்டால் அவற்றை வியாபாரியின் மூட்டையில் சேர்க்காமல் வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள்.

அலுமாரி கடைசி. முதலில் வாங்கினால், அலுமாரியின் அளவுக்குக் குப்பையைச் சேமித்து வைப்பீர்கள்.

பதில்: சுகாதாரப் பகுதி

மேலே சொல்லப்பட்ட ஒழுங்கு நல்லது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. நீண்ட காலம் அசையாமல் கிடந்த பொருட்களுக்கு இடையில் கை வைக்கப் போகிறீர்கள். கதவுகளைக் காலையிலேயே முழுதாகத் திறந்து, ஒரு மணித்தியாலமாவது காற்றோட விட்டு, நீண்ட தடியால் தட்டிச் சத்தம் எழுப்பிய பின்னரே உள்ளே செல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் சுருட்டை விரியனும் புடையனும் நாகமும் வீட்டு வளவுகளுக்கு வருபவை. ஓட்டுக் குவியலும் எலி நடமாட்டமும் அவற்றுக்கு உவப்பானவை. முழங்கால் வரை மூடும் சப்பாத்தும் தடித்த கையுறையும் அணியாமல் ஓடுகளைத் தூக்க வேண்டாம். எவரையாவது கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைய விடாது வைத்துக்கொண்டு 1990 இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள்.

எலிப்புழுக்கையை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டுவது பலரும் செய்யும் காரியம், அதைச் செய்யாதீர்கள். வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, துணியால் துடைத்து எடுங்கள். அந்தத் திரவத்தோடு வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் கலக்கக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த ஈரம், தோலில் உள்ள காயத்தின் வழியாக உள்ளே போனால் போதும். வேலை செய்த சில வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், கராஜ் துப்புரவாக்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ரயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கராஜுக்குள் உலர்ந்து கிடக்கும் வரை அவை தொல்லையில்லை. கட்டம் கட்டமாக வேலை செய்பவர்கள் அவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று கொட்டிலின் பின்னால் போட்டுவிடுவதுதான் சிக்கல். டெங்கு நுளம்பின் முட்டை உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர் பட்டவுடன் பொரிக்கும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வளவின் உரிமையாளர் மீது வழக்குத் தொடரவும் முடியும். ஆகவே ரயர்கள் கராஜை விட்டு வெளியேறும் நாளிலேயே வளவை விட்டும் வெளியேற வேண்டும்.

தோட்டத்து மருந்துகளைக் கிணற்றடியிலோ வேலி ஓரத்திலோ ஊற்றிவிடாதீர்கள். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். வெடிப்புகள் வழியாக எதுவும் விரைவாகக் கிணற்றை அடையும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நாம் அதைக் கண்ணால் கண்டோம். போத்தல்களை வேறு போத்தலுக்கு மாற்றாமல், நிமிர்த்தி ஒரு வாளிக்குள் அடுக்கிப் பூட்டி வைத்துவிட்டு, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பரகுவாட், டைமெதோயேற் போன்றவை நம் நாட்டில் தடை செய்யப்பட்டு நெடுங்காலமாகிறது. பழைய கராஜ்களில் அவை இன்னும் இருக்கக் கூடும்.

கூரை அஸ்பெஸ்ரஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்கிள் தொங்கவிடுவதற்காக அந்தச் சீற்றில் துளையிடவோ, உட்புறத்தைச் சுரண்டவோ வேண்டாம். உடைந்த துண்டுகள் கிடந்தால் நன்றாக நனைத்து, இரட்டைப் பையில் கட்டி, உள்ளூராட்சி சபையிடம் கேட்டு அகற்றுங்கள்.

பதில்: ரொறன்ரோவில் இருந்து

உங்கள் மைத்துனர்களின் நிலையில் உள்ள ஒருவனாக எழுதுகிறேன். என் பெட்டிகளும் ஊரில் இப்படி ஒரு கொட்டிலில்தான் இருக்கின்றன. சங்கக்கடை ஐயா சொன்னவற்றில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. உக்கிய சாக்கு யோசிக்கத் தேவையில்லாத பொருள் அல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளின்போதும், காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் அகப்பட்ட பையில் சுற்றிக் கட்டியவர்கள் பலர். திரும்பி வந்தபின் அந்த மூட்டைகள் அவிழ்க்கப்படாமலே மூலைக்குப் போயிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்கும் முறையும் முக்கியம். கராஜ் முழுவதையும் ஒரு படமாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டால் எல்லாம் இருக்கட்டும் என்ற பதில்தான் வரும். நாங்கள் இங்கே இருந்து அதைத்தான் சொல்வோம், ஏனெனில் இடம் உங்களுடையது. பெட்டிக்கு ஒரு படமாக, இலக்கமிட்டு, திறந்த நிலையில் அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் வைப்பதா, கொடுப்பதா, கொடுப்பதானால் யாருக்கு என்று மட்டும் கேளுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மைத்துனர் எவராவது வருவதாக இருந்தால், பெட்டிகளைத் திறக்கும் வேலையை அந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள். நேரில் பார்ப்பவர் பத்து நிமிடத்தில் தீர்மானிப்பதைத் தொலைபேசியில் பல மாதங்கள் பேசினாலும் தீர்க்க முடியாது. பித்தளைப் பாத்திரங்களைப் பற்றி ஆண்களிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவை பெரும்பாலும் சீதனமாக வந்தவை.

பதில்: சங்கக்கடைக் களஞ்சியம்

மூட்டையைத் திறக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. திறந்து வாசிக்கக் கூடாது என்பதே என் கட்டுப்பாடு. கடிதம் ஒன்றைக் கையில் எடுத்த வீட்டில் அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடும். எழுத்து உள்ள எதுவாக இருந்தாலும் ஒரு பெட்டிக்குள் போடுங்கள். அந்தப் பெட்டி வீட்டுக்குள் போகட்டும். மாரி மழையில் வெளியே போக முடியாத நாட்களில் இருந்து வாசிக்கலாம். மற்றப் பெட்டிகளுக்குப் பெரிதாக இலக்கமிட்டு, ஒரு சீ.ஆர். கொப்பியில் இலக்கம், உரியவர், உள்ளே உள்ளவை, கேட்ட திகதி, வந்த பதில் என்று பதியுங்கள். பின்னர் ஒரு காலத்தில் என் பெட்டி எங்கே என்று எவராவது கேட்டால் கொப்பியைத் திறந்து காட்டலாம்.

கேள்வி கேட்டவர்: கொக்குவில் வளவு

எல்லோருக்கும் நன்றி. சோக்கட்டி அடையாளம் போட்டாயிற்று; வாசல் பக்கம் ஆறு அடி வெறுமையாகிவிட்டது; மகனும் சமாதானமாகிவிட்டான். மூத்த மைத்துனர் திருவிழாவுக்கு வருகிறார். இப்போது இரண்டு விடயங்கள் எழுந்திருக்கின்றன. மூட்டை ஒன்றில் பழைய ஈழநாடு பத்திரிகைகளும், கோயில் திருவிழா அறிவித்தல்களும், பாடசாலை மலர்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை, வைத்திருக்க இடமும் இல்லை. மற்றது, இறைக்கும் இயந்திரத்தின் பின்னால் மண்ணில் பாதி புதைந்தபடி உருளை வடிவில் துருப்பிடித்த இரும்பு ஒன்று தெரிகிறது. இயந்திரத்தின் பாகமாக இருக்கலாம் என்று மகன் நினைக்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தட்டுகளை எப்படி அமைப்பது என்பதையும் எவராவது சொன்னால் நல்லது.

பதில்: சுகாதாரப் பகுதி

அந்த இரும்பை எவரும் தொடக் கூடாது. அசைத்துப் பார்க்கவோ, கிட்டப் போய்ப் படம் எடுக்கவோ, நீர் ஊற்றிக் கழுவவோ கூடாது. போன வழியாலேயே திரும்பி வந்து, கதவைப் பூட்டி, பிள்ளைகளும் வேலையாட்களும் அந்தப் பக்கம் போகாதபடி செய்துவிட்டு, பொலிசாருக்கு 119 இலக்கத்தில் அறிவியுங்கள். வெடிபொருட்களை அகற்றும் பயிற்சி பெற்றவர்களை அவர்கள் வரவழைப்பார்கள். அது வெறும் குழாயாக இருந்தால் அரை நாள் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். அவர்கள் வந்து பார்க்கும் வரை கராஜில் வேறு எந்த வேலையும் வேண்டாம்.

பதில்: ஏடும் எழுத்தும்

பத்திரிகைக் கட்டை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். 1981 யூனில் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு காரியாலயமும் எரிக்கப்பட்டது. எனவே அதன் பழைய இதழ்கள் வீடுகளில் தப்பியிருந்தால் அவற்றுக்குத் தனிப் பெறுமதி உண்டு. கோயில் அறிவித்தல்களும் பாடசாலை மலர்களும் அதைவிட அரியவையாக இருக்கக் கூடும், ஏனெனில் எவரும் அவற்றைச் சேமிப்பதில்லை. 2005இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்ற பெயருடைய எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களை மின்வருடிப் பொதுப் பார்வைக்கு வைத்து வருகிறது. முதலில் தலைப்பும் திகதியும் கொண்ட பட்டியல் ஒன்றை எழுதி, அவர்களிடம் ஏற்கெனவே இல்லாதவை எவை என்று விசாரியுங்கள். இருப்பவற்றை வைத்திருப்பதா விடுவதா என்பது பின்னர் உங்கள் விருப்பம்.

அதுவரை தாள்களை வெயிலில் காய விடாமல், நிழலில் காற்றாட வைத்து, தட்டையாக அடுக்குங்கள். கிழிந்த இடங்களில் செலோரேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையும் தின்னும். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றிவிடுங்கள். கராஜ் இவற்றுக்கு உரிய இடமே அல்ல, எவ்வளவுதான் துப்புரவாக்கினாலும்.

பதில்: தச்சுப் பட்டறை, மானிப்பாய்

தட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாசல் தெற்கே என்றால், உங்கள் பின்சுவர் வடக்குப் பார்த்தது. வாடைக்காற்றோடு வரும் மழை முழுவதும் அந்தச் சுவரில்தான் அடிக்கும், சுண்ணாம்புக் கல் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சுவரோடு ஒட்டி மரத்தட்டோ பெட்டியோ வைக்க வேண்டாம். உரல், ஓடு, கிடாரம் போன்ற நனைந்தாலும் கெடாதவற்றை அங்கே, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, சீமெந்துக் கல்லின் மேல் வையுங்கள். கிடாரங்களைக் கவிழ்த்து வையுங்கள்.

மேற்குச் சுவரின் தட்டுக்குத் துளையிட்ட கோண இரும்புச் சட்டம் போதும். கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள், பின்னர் உயரத்தை மாற்றவும் முடியும். தட்டுப் பலகைக்கு மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை வாங்க வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் ஒரு மாரியிலேயே ஊதிவிடும். கழற்றி வைத்திருக்கும் யன்னல் சட்டங்கள் நல்ல மரமாக இருந்தால் அவற்றையே இழைத்துப் பலகைக்குக் கீழ்த் தாங்கியாகப் போடலாம். வைரம் பாய்ந்த கறுத்த பனஞ்சிலாகை மிஞ்சியிருந்தால் அதைவிட நல்லது. கறையான் அதை இலகுவில் தொடாது, வெளிறிய உட்பகுதியைத்தான் தின்னும். முதல் தட்டு நிலத்தில் இருந்து ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். அடியில் வெளிச்சம் தெரிந்தால்தான் எலியும் கறையானும் வந்தது தெரியும். சட்டத்தின் மேல் முனையைச் சுவரோடு இரண்டு இடத்தில் பிணைத்துவிடுங்கள், பாரமானவற்றைக் கீழ்த்தட்டில் வையுங்கள்.

சைக்கிள்களைத் தொங்கவிடுவதானால் கிழக்குச் சுவரில், காரின் முன்பக்கத்துக்கு அப்பால், கொழுக்கியைக் கல்லில் இறுக்க வேண்டும். கல்லுக்கு இடைப்பட்ட சாந்தில் இறுக்கினால் பெயர்ந்து வரும். காரின் முன்சக்கரம் வந்து நிற்க வேண்டிய கோட்டில் ஒரு பனங்குற்றியை நிலத்தோடு இறுக்கிவிட்டால், பின்னேரம் களைத்து வருகிறவர் கிடாரத்தில் இடிக்க மாட்டார். மழை தொடங்கி ஓரிரு கிழமையில் சுவரின் அடியில் கறையானின் மண்குழாய் ஏறுகிறதா என்று ரோச் லைற் அடித்துப் பாருங்கள்; ஏறினால் குழாயை மட்டும் சுரண்டிவிட்டு இருக்காமல், அது எந்த வெடிப்பில் இருந்து புறப்படுகிறது என்று பார்த்து அங்கே மருந்து விட வேண்டும்.